யூலுவான் கல்லூரிக்குப் போன நாள்

தகவல் தொழில்நுட்பத் துறையில் அந்த வருடம் ஆசிரியர்கள் மூன்று பேர், மாணவர்கள் இரண்டு பேர். மாணவர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பாதி வகுப்பு காலி. ஆசிரியர் ஒருவருக்கு வந்தால் யாரும் கவனிப்பதில்லை.

சேரும்போது இப்படி இல்லை. தள்ளித் தள்ளி உட்கார்ந்தால் அறை நிறைந்த மாதிரி ஒரு தோற்றமாவது இருந்தது. பிறகு ஒருவன் தாவ்யுவான் பக்கம் தொழிற்சாலைக்குப் போனான். ஒருவன் பால் தேநீர்க் கடை வைத்தான். அவனைப் பற்றி ஆசிரியர்கள் பெருமூச்சோடு பேசிக்கொண்டார்கள். மற்றவர்கள் வடக்கே வேறு கல்லூரிகளுக்கு மாறிக்கொண்டார்கள். அடுத்த வருடம் சேர ஆளே வரவில்லை. தைவானில் ஜனங்கள் பிள்ளை பெறுவதைக் குறைத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. அதன் பலனைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பெய்ஷெங் அனுபவித்துக்கொண்டிருந்தான். ஜூன் மாதத்தோடு துறை மூடப்படும் என்ற அறிவிப்பைத் துறைப் பலகையில் ஒட்டியதே அவன்தான். பியூனை முந்தின மாதமே அனுப்பிவிட்டார்கள்.

மூடுவதற்குள் கடைசி வருட ப்ராஜெக்ட்டில் தேறிவிட்டால் பட்டம் உண்டு. தேறாவிட்டால் மறுபடி எழுத இங்கே துறை இருக்காது. வடக்கே ஏதாவது கல்லூரியில் இடம் வாங்கித் தருவார்கள், அங்கே போய் இரண்டாம் வருடத்துப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அது வீட்டில் வசதியிருப்பவர்களுக்கான ஏற்பாடு. பெய்ஷெங்குக்கு, தேறாவிட்டால் கடல்தான்.

துங்ஷிக் கரையில் கடல் என்றால் அலை கிடையாது. முழங்கால் சேற்றிலிருந்து ஆரம்பித்துக் கண்ணுக்கெட்டுகிற வரை மூங்கில் சட்டங்கள். சட்டம் சட்டமாகத் தொங்கும் சிப்பிச் சரங்கள். பெய்ஷெங்கின் அப்பா ஷுயிமூ அந்தச் சரங்களைத் தெப்பத்தில் போய் அறுத்து ஏற்றி வருபவர். வந்தவர் என்று சொல்ல வேண்டும். முந்தின குளிர்காலத்தில் ஈரச் சரத்தைத் தூக்கும்போது கால் வழுக்கி மூங்கில் முனையில் மல்லாந்து விழுந்தார். அதிலிருந்து முதுகில் பட்டை கட்டிக்கொண்டு சாமி மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். தெப்பத்தை வாடகைக்கு ஓட்டுகிறவன் பாதிச் சரத்தைக் காணவில்லை என்கிறான்.

"நாலு வருசமா கம்ப்யூட்டர் படிக்கிற. இந்த ரிமோட் ஏன் வேலை செய்யலன்னு ஒனக்குச் சொல்லத் தெரியல" என்பார் ஷுயிமூ.

"பேட்டரி போடணும்ப்பா."

"இதுக்கா நாலு வருசம்?"

ஜியாயி நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் கோடை விடுமுறைக்கு வேலை பார்த்திருந்தான் பெய்ஷெங். அங்கே தலைமையாக இருந்தவர் நல்ல மாதிரி. ஜூன் வரை ஓர் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகவும், பட்டத்தோடு வந்தால் எடுத்துக்கொள்வதாகவும், பட்டம் இல்லாமல் வந்தால் டீ வாங்கித் தந்து அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார். இந்தச் செய்தியை அவன் வீட்டில் சொன்ன அன்றைக்கு அம்மா யூலுவான் சிப்பிக் கஞ்சி பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, "இந்த வீட்டுல ஒரு முதுகு போனது போதும்" என்றாள். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டப் பார்த்தார். ரிமோட் வேலை செய்யவில்லை.

ப்ராஜெக்ட் தலைப்பைக் கொடுத்தது துறைத் தலைவர் லூ சார். வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைக் கேமரா பார்த்து, யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை என்று தானாகவே வருகை பதிந்துகொள்ளும் ஏற்பாடு. இரண்டு பேர் படிக்கும் துறைக்கு இது எதற்கு என்று இன்னொரு மாணவியான ருவோடிங் கேட்டாள். அவளுக்கு எதையும் கேட்டுவிடும் வாய். லூ சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, "நாளைக்கு நெறைய பேர் வந்தா?" என்றார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வருடத்தில் பாதி நாள் அவர் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், துறையின் பெயர் அச்சடித்த டிஷ்யூ பேப்பர் பொட்டலங்களைக் கொடுத்துப் பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் டிஷ்யூவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு கல்லூரியில் சேர்ந்தார்கள். ஜூனுக்குப் பிறகு அவருக்கும் வேலை இல்லை.

கருவிக்கு முகத்தைக் கற்றுக்கொடுக்க முகங்கள் வேண்டும். ஆளுக்கு நூற்றுக்கணக்கில் படம், ஒரு வகுப்பு நிறைய ஆட்கள். கல்லூரியில் ஆள் நிறைய இருந்தது முதியோர் பராமரிப்புத் துறையில் மட்டும்தான், அவர்களும் பயிற்சிக்கு வெளியூர் போய்விட்டார்கள். ருவோடிங்கின் ஊரில் முகங்கள் இருந்தன, ஆனால் அவை நின்று படம் பிடிக்கச் சம்மதிக்கவில்லை. கடைசியில் பெய்ஷெங்தான் சொன்னான், எங்கள் கொட்டகையில் எடுக்கலாம் என்று.

சிப்பி உடைக்கும் கொட்டகை அவர்கள் வீட்டை ஒட்டியே இருந்தது. வழியெல்லாம் ஓட்டுக் குவியல். லாரி போனால் நொறுங்கும், நாய் போனால் கிலுங்கும். உள்ளே குட்டை முக்காலிகளில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கத்தி முனையை ஓட்டின் இடுக்கில் விட்டு ஒரு திருகு, சதை கிண்ணத்தில், ஓடு முதுகுக்குப் பின்னால். ரேடியோவில் மூட்டுவலி மருந்து விற்பவன் பாட்டுக்கு நடுவே அழுதுகொண்டிருப்பான். டிசம்பரில் வடகிழக்குக் காற்று உப்பை வாரிக்கொண்டு வந்து தகரத்தில் அறையும். பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு பூப்போட்ட துணியால் தலையையும் காதையும் கன்னத்தையும் இறுகச் சுற்றி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருப்பார்கள். கண், மூக்கு, வாய், கொஞ்சம் கன்னம். அவ்வளவுதான் வெளியே தெரியும். காற்று ஓய்ந்த மாதங்களிலும், தெறிக்கிற தண்ணீருக்காக அதை அவிழ்ப்பதில்லை.

அப்படியே எடுத்தார்கள். நிறுத்திவைத்து எடுக்க முடியாது. கை நின்றால் கிண்ணம் நிறையாது. ஒவ்வொருத்தியின் முகத்துக்கு முன்னாலும் பெய்ஷெங் கேமராவைக் கொண்டுபோய்ப் பிடிப்பான், அவள் தலை நிமிராமல் கண்ணை மட்டும் தூக்குவாள். பெயரை ருவோடிங் எழுதிக்கொள்வாள்.

"ஏன்டா, இதக் காட்டித்தான் பட்டம் குடுப்பாங்களா? என் மூஞ்சிக்கு ஒரு பட்டமா?" என்றாள் ஜின்யே அத்தை. கொட்டகையிலேயே வாய் நீளம் அவளுக்குத்தான்.

"ஒன் மூஞ்சிக்கு டாக்டர் பட்டம் குடுக்கணும். பயந்து பாதிப் பேரு குணமாயிருவான்" என்றாள் வேறொருத்தி.

ஒரு நாள் லூ சாரே பார்க்க வந்தார். பழக்கதோஷத்தில் எல்லோருக்கும் டிஷ்யூ கொடுத்தார். யூலுவானுக்குக் கொடுக்கும்போது, "அக்கா, நீங்களே வந்து சேந்துடுங்களேன். வயசு ஒண்ணும் கெடையாது. இப்பல்லாம் பெரியவங்களையும் சேக்குறோம்" என்றார்.

யூலுவான் சிரித்தாள். "எனக்கு ஆறாங்கிளாஸோட கையில கத்தியக் குடுத்துட்டாங்க சார்."

லூ சார் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அவள் கத்தி வழக்கமான வேகத்தில் இல்லை. "அங்க பெஞ்செல்லாம் மரமாடா, இரும்பா?" என்று மகனிடம் கேட்டாள். இரும்புக் கால், மரப் பலகை என்று அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

ஏப்ரல் கடைசியில் கருவி கற்றுக்கொண்டுவிட்டது. கொட்டகையில் கேமராவை வைத்தால் போதும், ஒவ்வொரு முகத்தையும் பச்சைக் கட்டம் போட்டுப் பிடித்து, பெயர் சொல்லி, வந்திருக்கிறார் என்று பதிந்தது. ஒருத்திகூடத் தப்பவில்லை. லூ சார் ருவோடிங்கின் தோளையும் பெய்ஷெங்கின் தோளையும் மாறி மாறித் தட்டினார்.

அப்போதுதான் எக்ஸ்டர்னலிடமிருந்து தகவல் வந்தது. ஹெ என்று பெயர், தைபேயிலிருந்து வருகிறவர், இளவயது. வேறெங்கோ ஒரு கல்லூரியில் பையன்கள் முன்கூட்டியே எடுத்த வீடியோவை ஓடவிட்டு அவரை ஏமாற்றிவிட்டார்களாம். அதனால் தனக்குத் திரையில் படம் வேண்டாம், பட்டியலில் இருப்பவர்களை வகுப்பில் உட்காரவைத்து நேரில் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கொட்டகையில் இதைச் சொன்னபோது கத்திகள் ஒரு நிமிடம் நின்றன. அரை நாள் வேலை போகும். "போறோம்" என்றாள் யூலுவான். மற்றவர்களைக் கேட்கவில்லை. மற்றவர்களும் மறுக்கவில்லை.

வைவாவுக்கு முந்தின நாள் பெய்ஷெங்குக்குத் தலைபோகிற வேலை ஒன்று இருந்தது. சர்வர் மேல் வைக்கிற பொரிப் பொட்டலம் காலாவதியாகியிருந்தது. தேங்காய் வாசனை போட்ட சோளப்பொரி. பச்சைப் பொட்டலமாக இருக்க வேண்டும், மஞ்சள் ஆகாது, சிவப்பு ஆகவே ஆகாது. அது மேலே இருக்கும்வரை யந்திரம் சமர்த்தாக இருக்கும் என்பது தைவானில் கம்ப்யூட்டர்காரர்கள் எல்லோருடைய நம்பிக்கை. நாள் கடந்தால் கோபித்துக்கொள்ளும். வழக்கமாக வருடா வருடம் ஜூனியர்கள் வாங்கி மாற்றுவார்கள். ஜூனியர்கள் இல்லாததால் பழசே கிடந்தது. இதைக் கண்டுபிடித்த லூ சார் ப்ராஜெக்ட்டில் பிழை கண்டுபிடித்தால் எப்படிப் பதறுவாரோ அதைவிட அதிகமாகப் பதறினார். கடை கடையாகத் திரிந்து, எல்லாக் கடையிலும் மஞ்சளே இருக்க, சாயங்காலம் மழையில் நனைந்து ஒரு பச்சையோடு வீட்டுக்கு வந்தான் பெய்ஷெங். விளக்குக்கு நேராகப் பிடித்து அதன் தேதியை மூன்று தடவை படித்தான்.

பக்கத்தில் யூலுவான் தலையைத் தொட்டபடி நின்றுகொண்டிருந்தாள். "எப்படிடா இருக்கு?" என்றாள்.

"நல்லாருக்கும்மா. அடுத்த வருசம் வரைக்கும் தாங்கும்" என்றான் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்விட்டான். பெண்களைக் கல்லூரி வேனில் அழைத்து வருவது லூ சாரின் பொறுப்பு. ஓட்டுநரும் அவர்தான்.

மே மாதத்து மழை விடாமல் பிடித்திருந்தது. ஹெ சார் நேரத்துக்கு வந்தார். குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு நேரே சர்வரிடம் போய்ப் பொட்டலத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். நல்ல சகுனம் என்று பெய்ஷெங் நினைத்தான். பிறகு கதவு திறந்து அவர்கள் வந்தார்கள்.

யார் இவர்கள் என்று ஒரு கணம் அவனுக்குப் புரியவில்லை. ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர்கள் அறை மாறி வந்துவிட்டதாக நினைத்தான். எல்லோர் தலையிலும் புதுச் சுருள். மழை ஈரத்தில் சுருள் இன்னும் உப்பிக்கொண்டு, ஊரிலிருந்த ஒரே சலூன்காரியின் ஒரே கைவண்ணம் வரிசையாக நடந்துவந்தது. பவுடர், உதட்டுச் சாயம், வரைந்த புருவம். அவன் கண் அம்மாவைத் தேடியது. முன்னால் வந்த, கத்தரிப்பூ நிறக் கோட்டுப் போட்ட பெண் நேராக முதல் பெஞ்சுக்குப் போய்ப் பலகையைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அந்தக் கை அம்மாவுடையது. உட்கார்ந்ததும் வெட்டுக் காயங்கள் தெரியாமல் இரண்டு கையையும் மேஜைக்குக் கீழே விட்டுக்கொண்டாள்.

"உண்மையான வகுப்பு மாதிரியே இருக்கு" என்றார் லூ சார். அவர் கண் கலங்கியிருந்தது.

ருவோடிங் கருவியை ஓடவிட்டாள். கேமரா முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தது. யூலுவானின் முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது. தெரியாதவர். அடுத்தவள், தெரியாதவர். அதற்கடுத்தவள், தெரியாதவர். அறை முழுக்கச் சிவப்பு பரவியது. பக்கத்துத் திரையில் பட்டியல் கீழிறங்கிக்கொண்டே போனது: வரவில்லை, வரவில்லை, வரவில்லை.

பச்சைப் பொட்டலம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"எம் புருசனுக்கே முப்பது வருசமா என்னைத் தெரியல. இது, பாவம், வெறும் பொட்டி" என்றாள் ஜின்யே அத்தை. யாரும் சிரிக்கவில்லை.

ஹெ சார் சிரிக்காததற்கு வேறு காரணம் இருந்தது. பட்டியலில் இருப்பவர்கள் இவர்கள்தானா என்று லூ சாரைக் கேட்டார். லூ சார் ஆமாம் என்றார். யாரை வேண்டுமானாலும் அழைத்துவந்து உட்காரவைக்கலாம் இல்லையா என்று ஹெ சார் கேட்டார். லூ சாரின் முகம் அவர் கொடுக்கும் டிஷ்யூ நிறத்துக்கு வந்தது.

ருவோடிங் பெய்ஷெங்கின் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். "டேய், அது மூஞ்சியப் படிக்கவே இல்ல. துணியப் படிச்சிருக்கு. எந்தப் பூவுன்னு பாத்து ஆளச் சொல்லியிருக்கு."

அவள் சொல்வதற்கு முன்பே அவனுக்கும் தெரிந்துவிட்டது. பெரிய செம்பருத்தி என்றால் ஜின்யே அத்தை. நீலத்தில் சின்னப் பூ என்றால் அம்மா. செய்ய வேண்டியதும் தெரிந்தது. தலைத்துணி எல்லாம் கீழே வேனில்தான் இருக்கும். இங்கிருந்து நேரே கொட்டகைக்குப் போகிறவர்கள். முகத்தைக் கழுவி, துணியைக் கட்டிக்கொண்டு வந்து உட்காருங்கள் என்று சொன்னால் முடிந்தது. அதை யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதுதான் விஷயம்.

"அம்மாட்ட சொல்லு" என்றாள் ருவோடிங்.

"வேணாம்."

"அப்ப நான் சொல்றேன்."

அவன் அவள் காலை மிதித்தான்.

"என்னடா சொல்லுது?" என்று முதல் பெஞ்சிலிருந்து யூலுவான் கேட்டாள், வகுப்பில் பேசக்கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தி.

"வெளிச்சம் சரியில்லம்மா. மழையில்ல, அதான்."

ஹெ சார் பேனாவைத் திறந்தார். பெய்ஷெங் அந்தப் பேனாவைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்காரர் வாங்கித் தரப்போகும் டீயை நினைத்தான். தெப்பத்தை நினைத்தான். வாய் திறக்கவில்லை.

யூலுவான் அவனைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை என்று போட்டவர்களின் படங்கள் அங்கே ஓரத்தில் வரிசையாக இருந்தன. அவளுடைய படமும் இருந்தது. நீலப்பூத் துணி, குளிரில் சிவந்து ஒழுகும் மூக்கு, கன்னத்தில் ஒட்டிய ஓட்டுச் சில்லு. தன் படத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து கோட்டின் பட்டனைச் சரிசெய்துகொண்டு, "சார், கொழாய் எங்க இருக்கு?" என்று ஹெ சாரைக் கேட்டாள். ஏன் என்று அவர் கேட்டார். "மூஞ்சி கழுவணும். இதுக்கு எங்களத் தெரியாது சார். வேலையில இருக்கும்போதுதான் தெரியும்."

மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "எந்திரிங்கடீ" என்றாள்.

லூ சார் மழையில் வேனுக்கு ஓடிப்போய்த் தலைத்துணிப் பையைத் தூக்கிவந்தார். தாழ்வாரத்துக் குழாயடியில் வரிசையாக நின்று கழுவினார்கள். பவுடர் கரைந்து வெள்ளையாகச் சாக்கடையில் போனது. சிப்பி நாற்றம் அடிக்கும் துணிகளைப் புதுச் சுருளுக்கு மேல் இறுக்கி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டார்கள். சுருள் அடங்காமல் துணி புடைத்தது. ஜின்யே அத்தை அதை இரண்டு கையாலும் அமுக்கி, "சலூன்காரி பசை போட்டிருக்கா போல" என்றாள்.

மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். முதல் பெஞ்சில் நீலப்பூ. பச்சைக் கட்டம். வந்திருக்கிறார். அடுத்து பச்சை. அடுத்து பச்சை. ஒருத்திகூடத் தப்பவில்லை.

ஹெ சார் திறந்த பேனாவை மூடாமல் பெய்ஷெங்கைக் கூப்பிட்டார். உங்கள் கருவி எதைக் கற்றுக்கொண்டிருக்கிறது, சொல்லுங்கள் என்றார்.

"துணிய, சார்."

"மொகத்த?"

"மொகத்த அது பாக்கவே இல்ல சார்." பிறகு, "நாங்க காட்டவும் இல்ல" என்றான்.

ஹெ சார் ஏதோ எழுதினார். வெகுநேரம் எழுதினார். தவறு எங்கே என்றாவது தெரிந்திருக்கிறது, இப்போதெல்லாம் அதுவே அபூர்வம் என்றார். தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் போட்டு, கருவியின் குறைகள் என்று ஓர் அத்தியாயம் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

வேனில் திரும்பும்போது ஜின்யே அத்தை மட்டும் பேசிக்கொண்டு வந்தாள். தன்னை இனி பட்டதாரி என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கொட்டகைக்கு வரமாட்டேன் என்றாள். யூலுவான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் துணியை அவிழ்க்கவில்லை. இனி அவிழ்த்து என்ன ஆகப்போகிறது. அம்மாவுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் பெய்ஷெங் பின்னால் போய் உட்கார்ந்தான். கொட்டகை வாசலில் மதியச் சிப்பிச் சுமை வந்து இறங்கியிருந்தது. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பிளாஸ்டிக் முன்துணியைக் கட்டிக்கொண்டு, யூலுவான் கத்தியை எடுத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஷுயிமூ மனைவியின் தலையைப் பார்த்தார். சுருள் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உப்பலாகவும் இருந்தது. கேலி செய்ய ஏதோ தோன்றியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீனைத் தன் கிண்ணத்திலிருந்து எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தார்.

ஜூனில் பட்டமளிப்பு. துறையில் இருவருக்காகத் தனி மேடை போட முடியாது என்பதால் முதியோர் பராமரிப்புத் துறையோடு சேர்த்துவிட்டார்கள். பெற்றோர் வரலாம் என்றார்கள். அப்பாவால் அவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வர முடியாது. விழாவன்று காலை அம்மாவிடம் சொன்னபோது அவள் சரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அதான் அன்னிக்கே வந்து பதிஞ்சாச்சே" என்றாள்.

"அம்மா, அது வேற."

"நீ போய்ட்டு வா. இன்னிக்குச் சுமை ஜாஸ்தி."

அவன் தனியாகப் போய்விட்டு வந்தான். விழா முடிந்ததும் லூ சார் அவர்கள் இருவரையும் துறைக்கு அழைத்துப் போனார். சர்வரைக் காலையிலேயே ஏலக்காரன் தூக்கிப் போயிருந்தான். மேஜையில் பச்சைப் பொட்டலம் மட்டும் கிடந்தது. இனி இது யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்று சொல்லி லூ சார் அதைப் பிரித்தார். மூவரும் நின்றபடியே தின்றார்கள். நமுத்திருக்கும் என்று நினைத்தான். மொறுமொறுவென்று இருந்தது.

வீடு திரும்பியபோது வெயில் கொட்டகைத் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ரேடியோக்காரன் அழுதுகொண்டிருந்தான். யூலுவானின் தலையில் சுருள் முற்றிலும் இறங்கி, துணிக்கு வெளியே நரைமயிர் நேராகத் தொங்கியது. ஈரக் கையோடு வாங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, பட்டச் சான்றை விரித்து, டிசம்பரில் கேமராவைப் பிடித்த மாதிரியே அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். அவள் தலை நிமிராமல் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தாள். அவன் காகிதத்தைக் கொஞ்சம் இறக்கி, அவளைப் பார்த்தான். இடது புருவத்தின் முடிவில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. நூற்றுக்கணக்கான படங்களில் அதை அவன் கண்டதில்லை.

"தள்ளிப் புடிடா. தண்ணி தெறிக்கும்" என்றாள் யூலுவான். கத்தி அடுத்த ஓட்டின் இடுக்கைத் தேடியது.